உன்னைப் பற்றிப் பேசினோம், நீ நெற்றியைச் சுருக்கினாய்

பெஞ்சமின், இந்தக் கடிதம் உனக்கு. வழக்கம் போல ஊருக்கு எடுத்து வந்து உன் அம்மா கையில் கொடுத்து, "என்னம்மா எழுதியிருக்காரு, படிச்சுச் சொல்லு" என்று உட்காராதே. ஓசூரில் உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நீயே படி. நீளமாகத்தான் இருக்கும். ஆயுசெல்லாம் பேருந்தில் டிக்கெட் கிழித்துக் கத்திக்கொண்டே வந்தவன் வாய்க்குச் சுருக்கமாகப் பேசத் தெரியாது. கை மட்டும் எங்கே சுருக்கமாக எழுதப்போகிறது?

போன ஞாயிறு பூசை முடிகிற நேரத்தில் பங்குச் சாமியார், மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலைகளில் உன் முதல் ஓலையை வாசித்தார். அந்த நேரம் நம் கோயில் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். பிள்ளைகள் சிணுங்கும், பின்னால் இருப்பவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள், மைக் கரகரக்கும். அறிவிப்புகளை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்? நீயும் கேட்கவில்லை. ஆண்கள் பக்கம் தூணில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னாருடைய மகன் பெஞ்சமினுக்கும், மொரப்பூர் பக்கத்துப் பங்கைச் சேர்ந்த இன்னாருடைய மகள் ஸ்டெல்லாவுக்கும் என்று சாமியார் சொன்னார். உன் பெயர் அவர் வாயிலிருந்து முழுசாக வெளியே வருவதற்குள் உன் கழுத்து நிமிர்ந்தது. நீ நிமிர்த்தவில்லை, தானாக நிமிர்ந்தது. அப்புறம்தான் அவர், இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதை அறிந்தவர்கள் வந்து தெரிவிக்க வேண்டும் என்று எல்லா ஓலைக்கும் சொல்கிற வாக்கியத்தைச் சொன்னார். உன் முகம் வெளிறியதை அப்போது கவனித்தேன். ஏன் என்று அன்று மத்தியானம்தான் தெரிந்தது.

மத்தியானம் சமையல்கட்டில் நீ உன் அம்மாவிடம் பேசியது எனக்கு வெளியே கேட்டது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன், சன்னல் திறந்திருந்தது, அவ்வளவுதான். "அந்த ஓலையில வாசிச்ச ஆளு நான்தானான்னு எனக்கே சந்தேகமா இருக்குதும்மா" என்றாய். "ஆஸ்பத்திரியில கெடந்தது ஒண்ணியும் எனக்கு ஞாபகம் இல்ல. முழிச்சப்பறமும் என்னையே வேற எவனோ மாதிரி பேசிக்கிட்டு இருந்தேன்னு எல்லாரும் சொல்றீங்க. போனவன் ஒருத்தன், வந்தவன் ஒருத்தன்னா அந்தப் பொண்ணு யாரக் கட்டிக்குது? தடை இருந்தா சொல்லுங்கறாங்க. நான்தான் தடை. ரெண்டாவது ஓலை வாசிக்கறதுக்குள்ள நிறுத்திரலாம்னு பாக்கறேன்." உன் அம்மா அழுதாள். நீ கொஞ்ச நேரம் கழித்து, "அவரு கூடவேதான இருந்தாரு. நான் எப்படிக் கெடந்தேன், எங்கிட்ட என்ன பேசுனாருன்னு கேட்டுச் சொல்லு" என்றாய்.

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு என்னிடம் வந்தாள். "ஏங்க, உங்க மவன் கேக்கறான்" என்றாள். "நானே அவங்கிட்ட சொல்லிக்கறேன் போ" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் மூன்று தடவை உன் அறை வாசல் வரை வந்தேன். மூன்று தடவையும் ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பது போலப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். திங்கட்கிழமை விடிந்ததும் நீ பஸ் ஏறிப் போய்விட்டாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நம் வீட்டில் நீயும் நானும் பேசிக்கொள்கிற லட்சணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் சிரிக்கிறவன் வீட்டிலும் அதே கதைதான். உனக்கு மீசை அரும்பிய வருஷத்திலிருந்து நான் உன்னிடம் நேராகப் பேசியதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. என் அப்பா என்னிடம் அப்படி இருந்தார், நான் உன்னிடம் அப்படி இருந்தேன். மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்போம். நான் உன் அம்மாவைப் பார்த்து, "உம் மவன முடி வெட்டிக்கச் சொல்லு, காடு மாதிரி கெடக்குது" என்பேன். நீ அவளைப் பார்த்து, "ஞாயித்துக்கெழம வெட்டிக்கறேன்னு சொல்லும்மா" என்பாய். அவள் நம் இரண்டு பேர் நடுவிலும் வெங்காயம் உரித்துக்கொண்டு, யாருக்கும் எதையும் திருப்பிச் சொல்லாமல் இருப்பாள். சொல்லத் தேவையில்லையே, எல்லோருக்கும் காது இருக்கிறது. முன்பின் தெரியாத ஜனங்களிடம் நாளெல்லாம் "ஏம்மா, உள்ள தள்ளிப் போ, டிக்கெட் எடுத்தியா தம்பி" என்று வாய் ஓயாமல் பேசியவன், வூட்டுக்கு வந்தால் பெற்ற பிள்ளையிடம் பேச ஒரு தூதுக்காரியை வைத்திருந்தேன். இது ஒரு குறை என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். தொப்பூர் இறக்கத்தில் மழையில் உன் வண்டி சறுக்கிய அன்று ஹெல்மெட் உன் தலையைக் காப்பாற்றியது. உள்ளே இருப்பதை முழுசாகக் காப்பாற்ற முடியவில்லை. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதலில் மருந்து கொடுத்து உன்னைத் தூங்க வைத்திருந்தார்கள். பிறகு மருந்தை நிறுத்தினார்கள். நீ எழுந்திருக்கவில்லை. மூளை டாக்டர் ஒரு அம்மா, உன்னைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும், அவ்வளவுதான். எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார். "சார், அவருக்குக் காது வேலை செய்யுது. கேக்கறத மூளை என்ன பண்ணுதுன்னுதான் நமக்கு வெளிய தெரியல. பார்க்க வர்ற நேரத்துல சும்மா நிக்காம பேசுங்க. ஊர்க் கதை வேணாம். அவரப் பத்தியே பேசுங்க. அவர் பேரு, அவர் செஞ்சது, அவருக்குப் புடிச்சது. தன்னப் பத்தின பேச்சுன்னா மூளை மத்ததவிடக் கொஞ்சம் அதிகமா கவனிக்கும்."

உன் அம்மா உடனே ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கென்ன, நீ பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருப்பவள். "கண்ணு, சாமி, எந்திரிப்பா" என்று காதோரம் சொல்லி, நடுவில் ஜெபமாலையும் சொல்லி, கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். என் முறை வந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி எடுக்கிற மாதிரி விறைப்பாக நின்றேன். "தம்பி, நான் அப்பா பேசறேன்" என்றேன். போனில் பேசுகிற மாதிரி இருந்தது. அதற்கு மேல் வரவில்லை. "நீ நல்லாயிருக்கணும்" என்றேன். கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுச் சொல்கிற மாதிரி இருந்தது. பக்கத்துக் கட்டில் நர்ஸ் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டது. நீ அசையவில்லை. நானாக இருந்தாலும் அந்தப் பேச்சுக்கு அசைந்திருக்க மாட்டேன். டாக்டர் சொன்னபடி தினமும் செய்தேன், தினமும் தோற்றேன். என் பிள்ளையை அவனுடைய முகத்தைப் பார்த்து 'நீ' என்று கூப்பிட என் வாய் இப்படி நொண்டுகிறதே என்று வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வேன்.

ஒரு நாள் காலை, பார்க்கும் நேரம் முடியப்போகிறது. உன் அம்மா அழுகையை நிறுத்தவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் கோபம் என்று கேட்காதே, அங்கே நிற்கிற எல்லோருக்கும் யார் மேலாவது கோபம் இருக்கும். நான் உன் பக்கம் பார்க்காமல், அவளைப் பார்த்து, வீட்டில் பேசுகிற அதே குரலில் சொன்னேன். "உம் மவன அந்த வண்டிய வாங்காதேன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனா இல்லையா? பஸ்ஸுல வரச் சொல்லு, பஸ்ஸுல வரச் சொல்லுன்னு உங்கிட்ட எத்தன தடவ சொன்னேன். கேட்டானா? அவனுக்கு எல்லாம் தெரியும். அப்பன் சொன்னா மட்டும் காதுல ஏறாது."

உன் அம்மா என் கையைப் பிடித்தாள். அழுகை நின்றிருந்தது. "ஏங்க, அவன் நெத்தியப் பாருங்க" என்றாள்.

உன் புருவம் இரண்டும் நடுவில் சேர்ந்து, நெற்றியில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அந்த மடிப்பு எனக்குத் தெரியும். நான் அம்மாவிடம் உன்னைப் பற்றிக் குறை சொல்லும்போதெல்லாம், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி நீ சுருக்குகிற அதே நெற்றி. மெல்ல மெல்ல அது விரிந்து பழையபடி ஆனது. உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "இன்னொருக்கா திட்டுங்க" என்றாள். நீ பிறந்த நாளிலிருந்து பிள்ளையைத் திட்டாதீங்க, திட்டாதீங்க என்று என் வாயைப் பொத்தியவள். நான் திட்டினேன். மடிப்பு விழுந்தது. நர்ஸ் பெண் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தது.

டாக்டர் அம்மா அவசரப்படவில்லை. சத்தத்துக்கு அசைகிறாயா, பேச்சுக்கு அசைகிறாயா என்று பார்க்க வேண்டும் என்றார். "சார், இப்ப அதே குரல்ல, அதே வேகத்துல வேற யாரையாவது திட்டுங்க" என்றார். எனக்கு ஆள் தேட வேண்டிய சிரமமே இல்லை. உன் தாய்மாமன் இருக்கிறானே. நம் தோட்டத்து மோட்டாரை இரவல் வாங்கிக்கொண்டு போய்ப் புகைய விட்டுக் கொண்டுவந்து போட்ட கதையை முதலிலிருந்து எடுத்தேன். "அவனுக்கு எல்லாம் தெரியும், அவங்கிட்ட எவன் சொன்னாலும் காதுல ஏறாது" என்று மனசாரத் திட்டினேன். "இதுக்கு எதுக்கு எந்தம்பிய இழுக்கறீங்க" என்று உன் அம்மா அந்த இடத்திலும் விடவில்லை. நாங்கள் மூன்று பேரும் உன் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கோடு விழவில்லை. குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தாய். "இப்ப உங்க பையன்" என்றார் டாக்டர். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, அம்மாவைப் பார்த்து, "உம் மவன் மட்டும் என்ன வாழுதாம், அவனும் அப்படியேதான்" என்று ஆரம்பித்தேன். நெற்றி சுருங்கியது. வலது கை விரல்களும் உள்ளே மடங்கின.

டாக்டர் உன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். யோசித்துப் பார். நான் உன் பெயரைச் சொல்லவில்லை. உன்னைப் பார்த்தும் பேசவில்லை, 'உம் மவன்' என்று உன் அம்மாவிடம்தான் சொன்னேன். மாமனையும் 'அவன்' என்றேன், உன்னையும் 'அவன்' என்றேன். கண் திறக்க வழியில்லாத, தன் பெயர் கேட்டாலும் பதில் சொல்ல முடியாத ஒரு தலை, இந்த 'அவன்' நான் இல்லை, அந்த 'அவன்' நான் என்று உள்ளே உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தது. கோயில் பீடத்துக்கு முன்னால் கூட எனக்கு அப்படி ஒரு பயம் கலந்த மரியாதை வந்ததில்லை. உன்னைப் பெற்றவன் நான் என்கிற நினைப்பு எனக்கு உண்டு. அன்று உன் தலைக்குள் நடந்ததில் எனக்கு ஒரு பங்கும் இல்லை என்று தெரிந்தது.

வெளியே வந்ததும் டாக்டரைக் கேட்டேன், இது எப்படிம்மா என்று. அவர் தன் இரண்டு புருவத்துக்கும் நடுவில் விரலை வைத்துக் காட்டினார். "இதுக்குப் பின்னால, மூளையோட ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு பாத்துக்கற நடுப்பகுதி இருக்கு. தன்னப் பத்தின விஷயம்னா அங்க வேலை ஜாஸ்தி நடக்கும். அதுக்காக 'நான்'னு ஒருத்தர் அங்க தனியா உக்காந்திருக்கார்னு நெனச்சுக்காதீங்க. ஞாபகம், உடம்பு, தெரிஞ்ச குரல் எல்லாம் சேர்ந்து செய்யற வேலை அது. எப்படிச் சேருதுன்னு எங்களுக்கும் முழுசாத் தெரியாது சார்" என்றார். தெரியாது என்று சொன்ன டாக்டரை அன்றிலிருந்து எனக்குப் பிடித்துப்போனது. அப்புறம் ஒன்று சொன்னார். "நீங்க வீட்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க. அவருக்குத் தெரிஞ்ச அவரு, உங்க வாயில அப்படித்தான் இருக்காரு போல."

பேருந்தில் நான் தினமும் பார்த்த ஒன்றுதான் இது என்று அப்போது உறைத்தது. ஆள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவான். வண்டி குலுங்கும், ஹாரன் அடிக்கும், பக்கத்தில் இரண்டு பெண்கள் சண்டை போடுவார்கள். எழமாட்டான். நான் ஒவ்வொரு ஊராகக் கத்திக்கொண்டே வருவேன், எதற்கும் எழமாட்டான். அவன் ஊர் பேரைச் சொல்லி, "இண்டூர் எறங்கறவங்க வாங்க" என்றால் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் நிற்பான். தூங்கும்போதும் இவனுக்குள் எவனோ முழித்திருக்கிறான் என்று டிரைவரிடம் கேலியாகச் சொல்வேன். வருஷக்கணக்காக அதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கூட ஆச்சரியப்படாமல் சில்லறைக்குக் கையை நீட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

அதன் பிறகு நாங்கள் உன் கட்டிலின் இரு பக்கமும் நின்றுகொண்டு எங்களுக்குள் உன்னைப் பற்றிப் பேசினோம். எல்லாம் திட்டு இல்லை. திட்டு தீர்ந்துபோனது, அதுதான் உண்மை. பிறகு வேறு விஷயங்கள் வர ஆரம்பித்தன. பிள்ளையை வைத்துக்கொண்டு நல்லது சொன்னால் கண்ணு பட்டுவிடும் என்று உன் அம்மா முதலில் தடுத்தாள். "இதுக்கு மேல என்னடி கண்ணு படப்போவுது" என்றேன். நீ பிளஸ் டூ படிக்கும்போது என் வண்டியில் ஏறுவாய். ஏறினாலும் யாரோ மாதிரி பின்னால் போய் உட்கார்வாய். ஒரு நாள் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறியது. நீ இடம் விட்டு எழுந்தாய். அதைப் பாதிப் பிள்ளைகள் செய்யும். நீ அந்தப் பெண்ணின் துணி மூட்டையையும் வாங்கி, அது அழுக்காக இருந்தது, உன் வெள்ளைச் சட்டையோடு அணைத்துக்கொண்டு தர்மபுரி வரை நின்றுகொண்டே வந்தாய். அன்று நான் வண்டி நின்றதும் டிரைவரிடம் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், டெப்போவில் சொன்னேன். உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. வீட்டில், "சட்டைய எங்க கொண்டு போய்ப் பொரட்டுனான்னு கேளு" என்றுதான் சொன்னேன். இதை ஆஸ்பத்திரியில் உன் அம்மாவிடம் சொன்னபோது உன் மூடிய இமைக்குள் கண் உருண்டது. இந்தப் பக்கமாகத் திரும்பியது என்று நான் சொல்வேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்வார். இரண்டையும் எழுதிவிட்டேன், எதை வைத்துக்கொள்வாயோ உன் இஷ்டம்.

ஒரு நாள் கண்ணைத் திறந்தாய். குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். குரல் வருவதற்கு நாளானது. வந்த முதல் பேச்சு, "அவனுக்குத் தண்ணி" என்பது. அறையில் வேறு யாரோ கேட்கிறார்கள் என்று அம்மா திரும்பிப் பார்த்தாள். நீதான். உன் உதடு காய்ந்து கிடந்தது, உன் கண் சொம்பைப் பார்த்தது, வாய் மட்டும் "அவனுக்குத் தண்ணி குடுங்க" என்றது. ஊசி போட்டால், "அவனுக்கு வலிக்குது" என்பாய். உன் பெயர் என்ன என்று கேட்டால் சரியாகச் சொல்வாய். பெஞ்சமின் யார் என்று கேட்டால், "அவரு மவன்" என்று என்னைக் கை காட்டுவாய். பார்க்க வந்த உறவு ஜனம் ஒன்று, காத்து கருப்பு சேர்ந்திருக்கும், மந்திரிக்கலாம் என்று நடைபாதையில் கிசுகிசுத்தது. நான் அவர்களை அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவைத்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் நடுக்கம்தான். உன் உடம்பு வந்துவிட்டது, பேச்சு வந்துவிட்டது. அதற்குச் சொந்தக்காரன் இன்னும் வந்து சேரவில்லையோ என்று பயந்தேன். இன்று நீ பயப்படுகிறாயே, அதே பயம். உனக்கு முன்னால் நான் அதைப் பட்டு முடித்துவிட்டேன்.

டாக்டர் பொறுத்திருக்கச் சொன்னார். 'நான்' என்று சொல்வது மூளைக்குச் சின்ன வேலை இல்லை, பலதும் ஒன்றுகூடி வந்தால்தான் அது வரும் என்றார். அப்போது உன் அம்மாவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நீ நடை பழகிய வயதில் 'எனக்கு' என்று சொல்லமாட்டாய். "பெஞ்சிக்குப் பாலு", "பெஞ்சி வுழுந்துட்டான்" என்றுதான் சொல்வாய். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். நாம் அதை எப்படிக் கூப்பிடுகிறோமோ, அது தன்னை அப்படிச் சொல்லிக்கொள்கிறது. பிறகு ஒரு நாள், எந்த நாள் என்று எந்தத் தாய் தகப்பனும் குறித்து வைப்பதில்லை, 'எனக்கு' என்று கையை நீட்டுகிறது. உன் முதல் 'எனக்கு' வந்த நேரம் நான் ஏதோ ஒரு ட்ரிப்பில் இருந்திருப்பேன். இரண்டாவது தடவை கட்டிலுக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தேன்.

அன்று உன் அம்மா வூட்டுக்குப் போயிருந்தாள். மாதா கெபியில் மெழுகுவத்தி வைப்பதாக நேர்ந்துகொண்டிருந்தாள், மாற்றுத் துணியும் எடுத்து வர வேண்டும். அவள் உட்காருகிற ஸ்டூல் காலியாக இருந்தது. மத்தியானம் கேரியரைத் திறந்தேன். பழக்க தோஷத்தில் அந்த ஸ்டூலைப் பார்த்து, "அவனுக்குப் பசிக்குதான்னு கேளு" என்று சொல்லியே விட்டேன். சொன்ன பிறகுதான் அங்கே ஆள் இல்லை என்று தெரிந்தது. நீ ஸ்டூலைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். பதில் சொல்லி அனுப்ப உனக்கும் ஆள் இல்லை.

கேரியரும் கரண்டியுமாக நின்றுகொண்டு, "டேய், உனக்குப் பசிக்குதாடா?" என்று கேட்டேன். உன் உதடு அசைந்தது, நின்றது. எதையோ தூக்க முடியாமல் தூக்குகிற மாதிரி உன் கழுத்து நரம்பு புடைத்தது. நான் கட்டிலில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உனக்கு வயது வந்த பிறகு உன் பக்கத்தில் நான் அப்படி உட்கார்ந்ததே இல்லை. "உன்னத்தாண்டா கேக்கறேன். உனக்குத்தான். உனக்குப் பசிக்குதா?"

"எனக்கு" என்றாய். ரொம்ப நேரம் அதோடு நின்றாய். பிறகு, "எனக்கு அப்பறம் போதும். நீங்க சாப்ட்டீங்களா?" என்றாய்.

கரண்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. நான் அழுதேன் பெஞ்சமின், வாய் விட்டு அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் பதறிப்போய் நர்ஸைக் கூப்பிட்டார். 'எனக்கு' என்று நீ சொன்னது ஒரு பங்கு. மிச்சத்துக்குத்தான் அவ்வளவு அழுகை. ஓசூரிலிருந்து நீ தினமும் அம்மாவுக்குப் போன் செய்வாய். வைப்பதற்கு முன்னால், "அவரு சாப்ட்டாராம்மா?" என்று கேட்பாய். நான் பக்கத்தில் டிவி பார்க்கிற மாதிரி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் "ஆச்சு ஆச்சு" என்பாள். அந்தக் கேள்வி கேட்காத நாள் எனக்குத் தெரிந்து கிடையாது. விழுந்து நொறுங்கி, தன்னையே மறந்து, யாரோ எவனோ என்று பேசிக்கொண்டிருந்த தலை, திரும்பி வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி அது. வேறு ஒருவன் வந்திருந்தால் அவனுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

அம்மாவுக்குப் போன் போட்டேன். "அவன் 'எனக்கு'ன்னு சொன்னான்டி" என்றேன். அவள் நம்பவில்லை. "போன அவங்கிட்ட குடுங்க" என்றாள். நீ வாங்கி, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாய். கெபியில் நின்றுகொண்டு அவள் போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் வந்து தாங்கிப் பிடித்தார்களாம். டாக்டரிடம் சொன்னபோது, நான் நேராகக் கேட்டதால்தான் வந்தது என்று தன்னால் சொல்ல முடியாது, அது வருகிற நேரமும் வந்திருக்கலாம் என்றார். இருக்கட்டும். வந்த இடத்தில் நான் இருந்தேன், எனக்கு அது போதும். உனக்கு அந்த நாட்கள் ஞாபகம் இல்லை என்றால் பரவாயில்லை. எனக்கு இருக்கிறது. உன் ஞாபகத்தில் ஒரு பாதியை நான் வைத்திருக்கிறேன் என்று எடுத்துக்கொள்.

நீ பழைய ஆள் அப்படியே இல்லை, அதையும் மறைக்க மாட்டேன். சத்தம் கூடினால் உனக்குத் தலை வலிக்கிறது, சில நேரம் வார்த்தை தேடி நிற்கிறாய், கோபம் முன்பைவிடச் சீக்கிரம் வருகிறது. இதையெல்லாம் ஸ்டெல்லாவிடம் சொல். உன் அம்மா மூலமாக வேண்டாம், தரகர் மூலமாக வேண்டவே வேண்டாம், நீயே மொரப்பூருக்குப் போய் அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்து சொல். கேட்டுவிட்டு அவள் வேண்டாம் என்றால் அது அவள் முடிவு. அவளுக்காக நீ முடிவு செய்வது எந்த ஊர் நியாயம்? அவள் சரி என்று சொல்லி, நாளைக்கு ஒரு பிள்ளையும் பிறந்தால், அது எவ்வளவு வளர்ந்தாலும் அதனிடம் நேராகப் பேசு. என் மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் கற்றுக்கொள்வேன் என்று இருக்காதே. நான் கற்றுக்கொண்டதும் எத்தனை நாள் நின்றது? நீ வீடு திரும்பிய வாரத்திலேயே உன் அம்மா பழையபடி நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டாள், நீயும் நானும் சௌகரியமாகப் பழைய இடத்துக்குப் போய்விட்டோம்.

இந்தச் சனிக்கிழமை வருவாய். மறுநாள் பூசையில் இரண்டாவது ஓலை. வாசிப்பதா நிறுத்துவதா என்று சாமியாரிடம் சொல்ல வேண்டியவன் நீ, நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் என்னிடம் சொல்லிவிட்டுப் போ. சாயங்காலம் நான் தக்காளித் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பேன், மோட்டார் சத்தம் இருக்கும். அம்மாவை அனுப்பினால் என் காதில் விழாது, இப்போதே சொல்லிவிட்டேன். நீ வரப்பு வரைக்கும் வா. வந்து, அவரு, இவரு என்றெல்லாம் இல்லாமல், "அப்பா" என்று ஒரு தடவை கூப்பிடு. எவ்வளவு சத்தத்திலும் நான் திரும்புவேன்.